வாயோரம்

வாயோரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். புகைப்படம் கழுவுகிற ஹைப்போத் தொட்டியில் கிடந்த தகட்டில் அவளுடைய சொந்த முகம் அப்போதுதான் தெளிந்து வந்துகொண்டிருந்தது. முதலில் நெற்றி, பிறகு மூக்குத் தண்டு, பிறகு முறைத்துப் பார்க்கும் இரண்டு கண்கள். பால் கலங்கினாற்போல் இருக்கும் பூச்சு கரையக் கரைய உள்ளேயிருந்து ஆள் எழுந்து வருகிற இந்த நேரத்துக்காகவே வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் நிற்பார்கள். எத்தனையோ முகங்களை இப்படி எழுப்பிவிட்ட பிறகும் அவளுக்கும் இது அலுத்ததில்லை. இன்றைக்கு உதட்டின் இடது ஓரத்தில், பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் ஓடிவந்த குழந்தைக்கு இருப்பதுபோல, வெள்ளையாக ஒரு திட்டு. விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். நகரவில்லை. தொட்டியை ஆட்டினாள். வெள்ளை இன்னும் தெளிவாயிற்று.

“என்ன, வரலாமா உள்ள?” என்று கதவுக்கு வெளியே இருந்து மாஸ்டர் கேட்டார்.

மாஸ்டர் என்றால் அவளுடைய கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருக்கிறார். அந்த வட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் அதை வாங்கியிருப்பார்கள். ஊர் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளும் அதே பெயர் வந்துவிட்டது. டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடி இல்லாத பிரேக்கை மிதிப்பார். விடுமுறை நாளில் அவர் மனைவிக்கு எடுபிடி. லென்ஸ் மூடியை எடுப்பது, எண்ணுவது, திரும்ப மூடுவது, இவ்வளவுதான் வேலை. அதற்குக் கூலியாக, முகம் தெளிந்து வருவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பார்.

“வேணாங்க. தகடு கெட்டுப்போச்சு.”

“நான் எண்ணினது தப்பா?”

“உங்க மேல தப்பில்ல. மருந்துல ஏதோ.”

“எட்டுதான் எண்ணினேன். வேணும்னா சத்தியம் பண்றேன்.”

அவள் தகட்டைத் தண்ணீருக்கு மாற்றினாள். மறுநாள் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்ள வருகிறது. புதுப் புட்டி மருந்தை அவர்கள் முகத்தில் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால்தான் தானே நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த வேலையில் கறைக்குப் பஞ்சமே இல்லை. கருப்புப் பூச்சுத் தகட்டின் மேல் கூழ்போன்ற மருந்தை ஊற்றி நான்கு மூலைக்கும் வழியவிட வேண்டும். கை கொஞ்சம் தயங்கினாலும் வரி விழும். வெள்ளி நீரில் தூசி இருந்தால் புள்ளி விழும். மருந்து காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாகவேண்டும். தாமதித்தால் ஓரமெல்லாம் திட்டுத்திட்டாகும். ஒரு நல்ல தகட்டுக்கு மூன்று கெட்ட தகடு என்பதுதான் கணக்கு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வித்தையை இந்தக் காலத்தில் கட்டிக்கொண்டு அழுதால் இப்படித்தான். கறை விழுந்தால் எரிச்சலில் தகடு தூக்கும் கரண்டியை விட்டெறிகிறவள், இன்றைக்கு அது கறையாக இருக்கவேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து வேண்டிக்கொண்டாள்.

கறையா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இருந்தது. தகடு மாட்டிய சட்டத்தையே கேமராவில் தலைகீழாகப் போட்டால், சட்டத்தில் இருக்கிற அழுக்கானாலும் தொட்டியில் ஒட்டுகிற அழுக்கானாலும் அது நெற்றிப் பக்கம் போய்விடும். முகத்தில் இருப்பது மட்டும் முகத்திலேயே இருக்கும். எளிய சோதனை. புதிதாக வேலை கற்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதுதான். மருந்தை ஊற்றினாள். ஈதர் நெடி மூக்கில் ஏறியது. சிவப்பு விளக்கின் அடியில் தகட்டை வெள்ளி நீருக்குள் இறக்கிவிட்டுக் காத்திருந்த நேரத்தில், இதைச் செய்யாமலே விட்டுவிடலாமே, பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லையே, மருந்துதானே கெட்டது என்று மனசு நைசாகப் பேசிப் பார்த்தது. அதற்குள் நேரமாகிவிட்டது. நனைந்த தகடு காத்திருக்காது.

“மறுபடியுமா?” என்றார் மாஸ்டர். “இவ்ளோ நேரம் என் மூஞ்சிய எடுத்திருந்தா எனக்கொரு ஆல்பமே போட்டிருக்கலாம்.”

“மேகம் மறைக்கறதுக்குள்ள எடுங்க.”

ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பின்னந்தலையை இரும்புத் தாங்கியில் பொருத்திக்கொண்டாள். தலை ஆடாமலிருக்கத்தான் அது. வெளியே தெரியாது. பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போது சிரித்திருக்கிறாள். இப்போது அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. மாஸ்டர் மூடியை எடுத்தார். ஒன்று, இரண்டு என்று பாட்டுப் பாடுவதுபோல் எண்ணினார். பித்தளை வளையத்துக்குள் இருந்த கருப்புக் கண்ணாடி அவளைப் பார்த்தது.

அது பார்க்கிற பார்வையே வேறு. நமக்குச் சிவப்பாகத் தெரிவது அதற்குக் கருப்பு. நீலம் அதற்கு வெள்ளை. தோலுக்கு மேலே தெரியாமல் அடியில் உட்கார்ந்திருக்கிற மங்கும் வெயில் தின்ற தழும்பும் இந்தத் தகட்டில் வந்து நிற்கும். எனக்கா இத்தனை புள்ளி என்று பதறுகிறவர்களிடம் அவள் எப்போதும் ஒரு வேடிக்கை சொல்லுவாள். “இது கேமரா இல்லீங்க, ஜோசியக்காரன். நாளைக்கு வரப்போறத இன்னைக்கே சொல்லிடும்.” அவர்களும் சிரித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேடிக்கை என்றாலும் பொய்யில்லை. நிறம் போகத் தொடங்கிய தோலை, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இந்தப் பழைய மருந்து கண்டுபிடித்துவிடும் என்று எங்கேயோ படித்துத் தெரிந்து வைத்திருந்தாள். படித்த அன்றே மறந்துவிட்டதாகவும் நினைத்திருந்தாள்.

“எட்டு!” என்று மாஸ்டர் மூடியைப் போட்டார். “கண்ணே சிமிட்டல. பேயப் பார்த்த மாதிரி உக்காந்திருந்த.”

தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். இந்த முறை தாழ்ப்பாளும் போட்டாள்.

வெள்ளை நெற்றிக்குப் போகவில்லை. உதட்டின் இடது ஓரத்திலேயே, அதே வடிவில், முன்னைவிடத் தெளிவாக இருந்தது. போதாததற்கு இடது கண்ணின் ஓரத்தில் எள்ளளவாக இன்னொன்று. முதல் தகட்டை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அது இருந்தது, அவள்தான் பார்க்கவில்லை. முதல் தகட்டைப் பழந்துணியில் சுற்றிக் கழிவுப் பெட்டிக்குள் அடியில் அமுக்கினாள். இரண்டாவதை அப்படிச் செய்ய முடியவில்லை. காயவைக்கிற பலகையில் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்தாள்.

குளியலறைக் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்துக்கு முகத்தை நீட்டி, உதட்டோரத்தை இழுத்துப் பார்த்தாள். மாநிறத்தில், எப்போதும் இருக்கிற அதே தோல். சோப்புப் போட்டுக் கழுவினாள். துண்டால் அழுத்தித் துடைத்ததில் சிவந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருப்பதைப் பார்த்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. வெள்ளி நீர் பட்டுக் கருத்துப்போன விரல் நுனிகள் கண்ணாடியில் அவள் முகத்தின் மேல் ஊர்ந்தன.

அம்மாவுக்கு அது தொடங்கியபோது அவள் சிறுமி. வெண்புள்ளி என்று டாக்டர் சொன்னார். தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் ஆகாது, தோலில் நிறம் போகிறது, அவ்வளவுதான் என்றார். அக்கம்பக்கத்தில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். குஷ்டம் என்ற சொல்லுக்கு முன்னால் வெள்ளையைச் சேர்த்துச் சொல்லுவார்கள். முன்னால் சேர்த்தது காற்றோடு போய்விடும்; பின்னால் இருப்பதுதான் காதில் நிற்கும். வீட்டுக்கு வருகிற அத்தை, அம்மா தண்ணீர் கொண்டுவந்தால், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்பாள். அப்பா மட்டும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவத் தொடங்கினார். பிறகு சாப்பிடுவதற்கு முன்னாலும் ஒரு தடவை கழுவினார். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, கொடுத்து வைத்தவள் நீ, இப்படியொரு ஆம்பளை யாருக்குக் கிடைப்பான் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரித்துக்கொண்டாள். அப்புறம் அப்பாவுக்கு முதுகுவலி வந்தது. பலகையில் படுத்தால்தான் கேட்கும் என்று படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். கடைசிவரை அந்த முதுகு சரியாகவேயில்லை.

யாராவது படம் எடுக்க வந்தால் அம்மாவுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும். வீட்டில் இருக்கிற படங்களில் அம்மா என்று காட்டுவதற்கு ஒரு படத்தில் ஒரு முழங்கையும், இன்னொன்றில் கதவுக்குப் பின்னால் பாதி முதுகும்தான் உண்டு. அம்மா போன பிறகு அவள் முகத்தை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தால், வெள்ளைத் திட்டுகள் வரும், ஒவ்வொன்றும் அது அது இருந்த இடத்தில். கண் எப்படி இருந்தது, மூக்கு எப்படி இருந்தது என்பது வராது. அண்ணனிடம் கேட்டால் அவனுக்கும் வராது. அம்மாவின் படம் ஒன்றாவது எங்கேயாவது இருக்கும், அண்ணனைப் பெட்டிகளைக் கிளறிப் பார்க்கச் சொல் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மாவுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது என்று மட்டும்தான் அவரிடம் அவள் சொல்லியிருந்தாள். திருமணம் பேசும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அண்ணன் பிரித்துக் கொடுத்திருந்தான். சொல்லக்கூடாதது சொல்லப்படாமலே பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். விடுமுறை நாளில் மதியப் பாத்திரம் அவருடைய பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், அவருடைய தட்டு, அவளுடைய தட்டு, சட்டி பானை எல்லாமே. தெரிந்தும் எத்தனை தட்டு என்று காதால் எண்ணினாள். தோல் வெளுப்பதற்கு இப்போது மருந்து இருக்கிறது, வெளிச்சம் காட்டிச் செய்கிற வைத்தியம்கூட இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். பயம் அதைப் பற்றியே இல்லை. இந்த மனிதர் ஒரு வார்த்தையும் சொல்லாமல், முகம் சுளிக்காமல், மரியாதையாக ஒரு நாள் தன் தட்டை மட்டும் கழுவிவைத்துவிட்டுப் போவாரோ என்பதுதான் பயம். அப்பாவும் அதற்கு முன்னால் நல்ல மனிதர்தான். அம்மா அவரை எதை வைத்துக் குற்றம் சொல்லியிருக்க முடியும்?

முற்றத்துக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, அம்மாவுக்கு அது மொதல்ல எங்க வந்துச்சு?”

“எது?” என்றான். அவனுக்கா தெரியாது. டிவி சத்தம் குறைந்தது. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “எதுக்கு இப்ப அதெல்லாம்?”

“சும்மாதான். ஞாபகம் வந்துச்சு.”

“சும்மா வர்ற ஞாபகமா அது.” குரலைத் தாழ்த்தினான். “வாயோரம். வலது பக்கம். அப்பாதான் மொதல்ல பார்த்தார். சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். வாயத் தொடச்சுக்கன்னார். அம்மா தொடச்சாங்க. இன்னும் இருக்கு பாருன்னார். திரும்பத் தொடச்சாங்க. நீ சின்னப்புள்ள, உனக்கு ஞாபகம் இருக்காது. அவங்க பாட்டுக்குத் தொடச்சுக்கிட்டே இருந்தாங்க.”

அவள் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“நான் தெனமும் ஷேவ் பண்றப்ப பாக்கறேன்” என்றான் அண்ணன். “சோப்பக் கழுவினதும் வெள்ள போயிடுச்சான்னு பாப்பேன். போனப்புறந்தான் மூச்சு வரும். உங்க அண்ணிக்குக்கூடத் தெரியாது. ஆமா, உனக்கு ஒண்ணுமில்லையே?”

“இல்லண்ணா.”

“நெஜமா சொல்லு.”

“அம்மாவப் பத்திக் கேட்டேன், அவ்ளோதான். நீ வேற.”

வைத்துவிட்டுத் திரும்பினால், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மாஸ்டர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை. “அண்ணனா?” என்றார். ஆமாம் என்று தலையசைத்தாள்.

அம்மாவுக்கு வலது பக்கம், தனக்கு இடது பக்கம். அப்படியானால் இது வேறாக இருக்கலாம் என்று ஒரு கணம் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது. அடுத்த கணமே அதுவும் நழுவியது. இந்தத் தகட்டில் விழுவது கண்ணாடியில் தெரிகிற முகம். இடம் வலம் மாறித்தான் இருக்கும். வகிடு ஏன் பக்கம் மாறிப்போயிற்று என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. எதிரே உட்கார்ந்து பார்த்த சிறுமிக்கு அம்மாவின் வலது வாயோரம் எந்தப் பக்கம் தெரிந்ததோ, தகட்டில் அவளுடைய இடது வாயோரமும் அதே பக்கம்தான் தெரிந்தது. தகட்டைப் பார்த்தபோதே கறையாக இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக ஒரு வழி பாக்கியிருந்தது. மருந்தே கெட்டதாக இருந்தால் யார் உட்கார்ந்தாலும் கெட்டதாகத்தான் வரும். “நீங்க உக்காருங்க” என்றாள்.

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். தலையை வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்போல் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “தொப்பை தெரியாம எடு. தாடைக்குக் கீழ எதுவும் வேணாம்.” அவளும் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். மூடியை எடுத்துவிட்டு மெதுவாக எண்ணினாள். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை இவ்வளவு நேரம் நேருக்கு நேராக அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு ஒன்று, புருவத்தில் ஒரு நரை. இவர் கெட்டவராக இருந்தால்கூடப் பரவாயில்லை, முன்கூட்டியே மனசைத் தயார் செய்துகொள்ளலாம் என்று பைத்தியக்காரத்தனமாக ஓர் எண்ணம் ஓடியது.

உள்ளே இரண்டு பேருமாகத் தொட்டிக்கு மேல் குனிந்து பார்த்தார்கள். மாஸ்டரின் முகம் ஒரு கறையில்லாமல், ஒரு வரியில்லாமல், அந்த வருஷத்திலேயே அவள் எடுத்த தகடுகளில் தலைசிறந்ததாக எழுந்து வந்தது. மருந்து சுத்தம். வெள்ளி நீர் சுத்தம். எல்லாம் சுத்தம்.

“அடேங்கப்பா! ராஜா மாதிரி இருக்கேன்ல?” என்றார் மாஸ்டர்.

“ம்.”

“என்ன ம்? நீயே அசந்து போயிட்ட பாரு.”

 தொட்டிகளைக் கழுவவேண்டும் என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். தண்ணீர் சத்தத்தில் அழுதால் தெரியாது. ஆனால் அழுகையும் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கூட்டில் அடைத்த அணில்போல் ஓடிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் தன் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காயவைக்க இடம் தேடிப் பலகைப் பக்கம் போனார். அவர் எங்கே போகிறார் என்று அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது நேரமாகிவிட்டது.

“ஏய்” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “இது உங்க அம்மாவா?”

திரும்பினாள். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த தகடு அவர் கையில் இருந்தது. படிக்கிற கண்ணாடி தலைமேல் ஏறியிருக்க, கையை முழுதாக நீட்டி எட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையும் சுருக்கத்தையும் கூட்டிக்காட்டுகிற அந்தத் தகட்டில், இடம் வலம் மாறிய அவள் முகம் பல வயது மூத்துத் தெரிந்தது.

“அண்ணன் படம் அனுப்பிட்டாரா? உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அதத்தான் தகட்டுல எடுத்துக்கிட்டு இருந்தியா நீ? நான் வேற, எண்ணத் தெரியாம கெடுத்துட்டேனோன்னு மதியத்துலருந்து மண்டையக் குடைஞ்சுக்கிட்டு இருக்கேன். கடைசியில கெடச்சிடுச்சு பாரு!” அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். “உன்ன மாதிரியே மொறைக்கறாங்க. பாவி, என்னா கண்ணு!”

 ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டும்.  குழாயை மட்டும் மூடினாள்.

“இதென்ன, வாயோரம் வெள்ளையா? கறையா?”

“கறை இல்ல.” தன் குரல் தனக்கே யாருடையதோபோல் கேட்டது. “அம்மாவுக்கு இருந்துச்சு. வெண்புள்ளி. மொகமெல்லாம், கையெல்லாம்.”

“ஓ.” மாஸ்டர் படத்தையே பார்த்தார். “இதுக்காகவா படமே எடுத்துக்கல?”

“ம்.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல.”

“அட, போம்மா” என்றார் படத்தைப் பார்த்தே. “இதுக்குப் போயி. எவ்ளோ லட்சணமா இருந்திருக்கீங்க.” அவளிடம் திரும்பி, “கூடத்துல மாட்டிடலாம். நல்ல சட்டமாப் போட்டு, வர்றவங்க போறவங்க பாக்கட்டும். என்ன இப்ப?” என்றார்.

 அம்மா உயிரோடிருந்த நாளில் ஒருவராவது அவளைப் பார்த்து இப்படிச் சொல்லியிருக்கிறார்களா? அந்த நிமிஷம் மாஸ்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் பயம் விடவில்லை, காதோரமாகவே வந்து நின்றது. செத்துப்போனவர்கள் மேல் இரக்கப்படுவதற்கு என்ன செலவாகிறது? அவர்கள் பக்கத்தில் படுக்கப்போவதில்லை. அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவேண்டியதில்லை. அப்பாகூட அம்மா போன பிறகு அவளைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியே விட்டுவிடலாம். அம்மா என்றே இருக்கட்டும், கூடத்தில் தொங்கட்டும். கண்ணாடியில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. மாதக்கணக்கில் தெரியாமலும் இருக்கலாம். அதுவரை வெயிலில் போகாமல், பவுடரைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து... அம்மா செய்தது அத்தனையும் அவளுக்கு ஒவ்வொன்றாக, யாரும் கற்றுக்கொடுக்காமலே, வரிசையாக வந்தது.

மாஸ்டர் தலைமேலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். தகட்டை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சட்டம் போடுவதற்கு ஓரம் எவ்வளவு வெட்டலாம் என்று பார்க்கிறவர்போல் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலை நேரத்தில் அவள் போட்டுக்கொள்வது மாஸ்டரின் பழைய சட்டை. வெள்ளி நீர் பட்டால் எந்தத் துணியும் உருப்படாது என்பதால், ஓட்டுநர் பள்ளியில் கழித்துக்கட்டிய நீலச் சட்டைகளெல்லாம் அவளிடம்தான் வரும். தகட்டில் நீலம் வெளுத்துச் சட்டையே வெள்ளையாகியிருந்தது. ஆனால் பையின் மேல் சிவப்பு நூலில் தைத்த ஸ்டீரிங் சக்கரமும் அதன் கீழே பள்ளியின் பெயரும் கன்னங்கரேலென்று, எழுத்தெல்லாம் பக்கம் மாறி, தெளிவாக விழுந்திருந்தன. தன் பள்ளியின் பெயரை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மாஸ்டருக்கு அடையாளம் தெரியும்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். திரும்பத் தகட்டைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடவேண்டும் என்று இருந்தது. பின்னால் சுவர்தான் இருந்தது. அவர் தகட்டை ஒரு கையில் பிடித்தபடியே பக்கத்தில் வந்தார். மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் நின்றார். நனைந்து விறைத்த ஒரு விரல் அவள் வாயோரத்தில் வந்து நின்றது.

“இங்கயா?” என்றார்.

வலது ஓரம். தகட்டில் எந்தப் பக்கம் தெரிகிறதோ அதே பக்கத்தை எதிரில் நிற்கிற முகத்தில் தேடினால் எல்லோருக்கும் வருகிற பிழைதான். அங்கே ஒன்றும் இல்லை. அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இல்லைங்க, அது தகட்டில் விழுந்த கறைதான், அம்மா நினைப்பில் ஏதோ உளறிவிட்டேன் என்று சொன்னால் நம்பியும் விடுவார். தப்பு எண்ணியது நான்தான் என்றுகூடச் சொல்லுவார். 

கருத்த விரல்களால் அவருடைய விரலைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது அவருடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதை உதட்டின் மேலாகவே மெல்ல நகர்த்தி, மறு ஓரத்தில் வைத்தாள்.